ஆறு பாத்தித் தண்ணீர்

பெற்றவர்களின் சின்ன வயதுப் பாடுகளை இங்கே ஒவ்வொருவராக எழுதுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். என் அப்பாவுடையதையும் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "பேரு வேண்டாம், ஊரு பேரும் வேண்டாம். மத்தபடி எழுதிக்கோ" என்றார். அதனால் ஊர் நாங்குநேரிக்குக் கிழக்கே என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1998-ல் எனக்கு 14 வயது. அப்பாவின் பெரியப்பா, அதாவது எங்கள் தாத்தாவின் கூடப்பிறந்த அண்ணன், இறந்துபோனார். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து இல்லை. கிணற்றுத் தகராறு, கோர்ட்டு வரை போனது என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். துட்டிச் செய்தி வந்ததும் அப்பா கடையை அடைத்தார். உட்கார்ந்திருந்த ஆச்சி எழுந்து நின்று, "அந்த வீட்டுப் படி ஏறுனா என் மூஞ்சியில முழிக்காத" என்றாள். அப்பா வேட்டியை மாற்றிக்கொண்டே, "எனக்கு ஆறு பாத்தி தண்ணி பாய்ச்சினவரும்மா" என்றார். ஆச்சிக்கும் புரியவில்லை, எங்களுக்கும் புரியவில்லை. போய், நீர்மாலைச் சடங்குக்கு நின்று, சுடுகாடு வரைக்கும் நடந்துவிட்டு, ராத்திரி கடைசி பஸ்ஸில் வந்து குளித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

அந்த ஆறு பாத்தி என்னவென்று தெரிய எனக்கு இன்னும் பல வருஷம் ஆனது. அவர் ஒரே மூச்சில் எதையும் சொன்னதில்லை. பஸ்ஸில் போகும்போது ஒரு துண்டு, மிளகாய் வத்தல் காய்கிற நெடி வந்தால் ஒரு துண்டு. நான் சேர்த்து வைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திருநெல்வேலி என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தாமிரபரணியும் பச்சை வயலும்தான். ஆற்றுப் பாசனத்தில் இருக்கிற சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அது உண்மை. காரும் பிசானமுமாக இரண்டு போகம் நெல் விளைகிற மண். எங்கள் பக்கம் அப்படி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக் குளம் பெருகினால் ஒரு நெல் உண்டு. இல்லையென்றால் கிணறுதான் கதி. கேப்பை, சோளம், மிளகாய், கொஞ்சம் பருத்தி, வரப்போரம் பனை. மணிமுத்தாறு அணை 1958-ல் கட்டி முடிந்ததும் கால்வாயில் ரீச் ரீச்சாக, அதாவது பகுதி பகுதியாக, தண்ணீர் வந்து எங்கள் பக்கத்துக் குளங்கள் நிறையும் என்று ஊரே காத்துக் கிடந்தது. வந்த வருஷமும் உண்டு, வராத வருஷமும் உண்டு. கடைமடைக்காரனுக்கு எப்போதும் அப்படித்தான். இன்றைக்கும் பாளையங்கோட்டையில், ஒரு தொட்டிச்செடிகூட இல்லாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு, காலையில் பேப்பர் வந்ததும் அப்பா முதலில் தேடுவது அணை நீர்மட்டத்தைத்தான். பாபநாசத்துக்கு உச்சம் 143 அடி, மணிமுத்தாறுக்கு 118. "மணிமுத்தாறு எம்பதத் தாண்டிட்டு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பக்கம் திருப்புவார்.

அப்பா பிறந்தது 1952-ல். தாத்தாவுக்கும் பெரிய தாத்தாவுக்கும் பாகம் பிரித்தபோது நிலத்தை வகுந்துவிட்டார்கள். கிணற்றை எப்படி வகுக்க? அது பொது. பத்திரத்தில் சரிபாதி என்று எழுதிக்கொண்டார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் முறை. கிழக்கு வெளுக்கும்போது ஒருவர் மாட்டை அவிழ்த்தால் இன்னொருவர் பூட்டுவார். மறுநாள் கிழக்கு வெளுக்கும் வரைக்கும் அவர் தண்ணீர். கிணற்றில் தண்ணீர் கிடக்கிற காலத்தில் இதில் ஒரு பிரச்சினையும் இல்லை. கோடையில்தான் வினை. பகலில் இறைத்தால் மத்தியானத்துக்குள் கிணறு தட்டிவிடும். அப்புறம் ஊற்று ஊறி வரக் காத்திருக்க வேண்டும். நடுச்சாமத்துக்கு மேல் நாலு முழம் ஊறியிருக்கும். அதை விடிவதற்குள் இறைத்தால் நமக்கு, விட்டால் அடுத்தவனுக்கு. "ஒன் முறையில ஊறுனத நான் எறைக்கேனா, என் முறையில ஊறுனத நீ எறைக்கியா" என்பதில் தொடங்கிய பேச்சு, 1959-ல் கோர்ட்டில் போய் நின்றது. பதினோரு வருஷம் வாய்தா. கடைசியில் ராஜி, சமாதானம். அதற்குள் தாத்தாவின் நல்ல ஜோடி மாடு இரண்டும், குளத்துப் பாசனத்தில் கிடந்த ஐந்து மரக்கால் விதைப்பாடும் போய்விட்டன. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் கணக்கில் ஒரு மரக்கால் விதைப்பாடு என்பது 8 சென்ட். 40 சென்ட் நஞ்சை, அந்த வீட்டின் அரிசிச்சோறு அவ்வளவும் அதுதான்.

தாத்தா குடிப்பார். மாகாணம் முழுக்க மதுவிலக்கு இருந்த காலம் அது. 1948-ல் வந்தது, 1971-ல்தான் கடை திறந்தார்கள். ஆனால் பனங்காட்டில் யார் எதைத் தடுக்க முடியும்? கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாமல் விட்டால் கள். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் பனைச் சீசன். கோடை, கிணறு தட்டுகிற காலம், கள் இறங்குகிற காலம் எல்லாம் ஒன்று. வாய்தாவுக்குப் போய்விட்டு வருகிற அன்று கட்டாயம் குடிப்பார். குடித்தால் ஆச்சிக்கு அடி. தெளிவாக இருக்கிற நாளில் அவரைப் போல மாட்டைப் பழக்க ஆள் கிடையாது என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மாட்டின் மேல் அவர் கம்பை வைத்து யாரும் பார்த்ததில்லையாம். இதை ஒரு பெருமையாக என்னிடம் ஒருவர் சொன்னபோது எனக்கு அழுகைதான் வந்தது.

மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கமலை எப்படி ஓடும் என்று சொன்னால்தான் மற்றது புரியும். கிணற்று மேட்டிலிருந்து ஒரு சரிவு. மாடுகள் சரிவில் முன்னால் இறங்கினால் வடம் இழுபட்டு, தண்ணீர் மொள்ளுகிற கூனை மேலே வரும். வந்ததும் வால்கயிறு இழுத்துத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். பிறகு மாடுகள் பின்பக்கமாகவே மேட்டில் ஏற வேண்டும், அப்போதுதான் கூனை கிணற்றுக்குள் இறங்கும். முன்னால் போவது எந்த மாடும் போகும். பின்னால் ஏறப் பழக்குவதில்தான் ஓட்டுகிறவன் கை தெரியும். இறங்கும்போது ஓட்டுகிறவன் வடத்தின் மேல் உட்கார்ந்து கனம் கொடுப்பான். இது ஓர் ஆள் வேலை. தொட்டியிலிருந்து வாய்க்கால் வழி போகிற தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மடை மாற்றிவிட இன்னோர் ஆள் வேண்டும். தாத்தா ஓட்ட, ஆச்சி மடை மாற்ற, அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

1962 மாசியில் ஒரு நாள் தாத்தா அடித்ததில் ஆச்சியின் கை முறிந்தது. கைக்குழந்தையாக இருந்த என் அத்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு களக்காட்டுப் பக்கம் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அது மலையடிவாரம், வாழையும் நெல்லும் விளைகிற ஊர். அரிசிச்சோறு தின்று வளர்ந்த பெண்ணைக் கேப்பைக்கூழ் குடிக்கிற ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பத்து வயது அப்பாவைத் தாத்தாவோடு விட்டுவிட்டுப் போனாள்.

மண்வெட்டி அப்பா கைக்கு வந்தது. முறை நாளில் பள்ளிக்கூடம் கிடையாது என்று ஆனது. ஆக, ஒன்றுவிட்டு ஒரு நாள் பள்ளிக்கூடம். போகிற நாளிலும் மத்தியானச் சோற்றுக்காகத்தான் போனேன் என்பார். காமராஜர் காலத்து மதிய உணவு 1956-ல் தொடங்கியது அவர் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. படிப்பு எப்படி ஏறும்? ஏழாம் வாய்ப்பாடு அவருக்குத் தெரியும், எட்டாம் வாய்ப்பாடு தெரியாது. எட்டு சொல்லிக்கொடுத்த நாள் எங்கள் முறை. முப்பது வருஷம் பலசரக்குக் கடை நடத்தியவர், இன்றைக்கும் எட்டு ஒன்பது எவ்வளவு என்றால் ஏழு ஒன்பது அறுபத்துமூன்று, அதோடு ஒன்பது என்று கூட்டித்தான் சொல்வார். சின்ன வயதில் நான் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அவர் கோபப்பட்டதே இல்லை.

பங்குனியில் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் களக்காட்டுக்கு நடந்தே போனார். விடியற்காலம் கிளம்பி, வழியில் கேட்டுக் கேட்டு, பொழுது சாயப் போய்ச் சேர்ந்தார். ஆச்சி கட்டிப்பிடித்து அழுதாள். சுடுசோறு போட்டாள். மறுநாள் காலையில் ஒரு பையில் அரிசியைக் கட்டிக் கொடுத்து, "நீ போ மக்கா. உங்கப்பன் வந்து கூப்புடட்டும், நான் வாரேன்" என்று அனுப்பிவிட்டாள். அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். அந்த அரிசியைத் தாத்தா விற்றுவிட்டார்.

இந்த இடத்தில் அப்பாவோடு எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லை. அடித்த தாத்தாவை அவர் எப்போதோ மன்னித்துவிட்டார். விட்டுவிட்டுப் போன ஆச்சியை மன்னிக்கவே இல்லை. கடைசி வரைக்கும் வைத்துச் சோறு போட்டார், வைத்தியம் பார்த்தார், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதில்லை. முறிந்த கையோடு, பால்குடி மறக்காத பிள்ளையோடு அவள் என்ன செய்திருக்க முடியும்? பிறந்த வீட்டிலும் அண்ணன் பெண்டாட்டி ஆட்சி. அவள் தின்கிற சோற்றுக்கே அங்கே கணக்கு இருந்தது, அந்த அரிசியை மைனிக்குத் தெரியாமல் எடுத்துத்தான் கொடுத்தாள் என்று அத்தை எனக்குச் சொன்னாள். இதை அப்பாவிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

சித்திரை மாதம். மிளகாய் பூவெடுத்து நிற்கிறது. இந்தத் தண்ணீர் தப்பினால் பூ உதிர்ந்துவிடும். எங்கள் முறை நாள். பகல் பங்கை இறைத்தாகிவிட்டது. நடுச்சாமத்துக்கு மேல் ஊறியதை இறைக்க வேண்டும். தாத்தா சாயங்காலம் பனங்காட்டுப் பக்கம் போனவர், ராத்திரி வந்து கிணற்று மேட்டில் சாய்ந்தார். அப்பா தட்டி எழுப்பிப் பார்த்தார், தண்ணீர் தெளித்துப் பார்த்தார். எழும்பவில்லை. மாடுகளைத் தானே பூட்டினார். நல்ல ஜோடி அதற்குள் விற்றுப்போயிருந்தது. வாங்கியிருந்தது இரண்டும் வயசான மாடு. அதுதான் அன்றைக்குக் காப்பாற்றியது என்பார். இளமாடாக இருந்தால் பத்து வயதுப் பையனுக்கு அடங்கியிருக்காது.

வடத்தில் உட்கார்ந்தால் கனம் போதவில்லை. மடியில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டாராம். நாலு கூனை இறைப்பார். மாட்டை நிறுத்திவிட்டு, வாய்க்கால் வழியாக ஓடிப்போய் நிறைந்த பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறப்பார். திரும்ப மேட்டுக்கு ஓடிவருவார். இருட்டு. பாத்தி நிறைந்துவிட்டதா என்று பார்க்கக் காலை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். பயமாக இருந்ததா என்று கேட்டேன். "பாம்புக்குப் பயம் இல்ல. கிழக்க பாத்து பாத்துதான் பயம்" என்றார்.

கிழக்கு வெளுத்துவிட்டது. ஆறு பாத்தி பாக்கி. பெரிய தாத்தா தன் மாடுகளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கோர்ட்டில் எதிரி. வரப்பில் பார்த்தால் காறித் துப்புகிறவர். மேட்டில் கிடக்கிற தம்பியைப் பார்த்தார். மடியில் கல்லோடு வடத்தில் உட்கார்ந்திருக்கிற பையனைப் பார்த்தார்.

"ஏல, எத்தன பாத்தி கெடக்கு?"

"ஆறு, பெரியப்பா."

மாட்டைப் பூவரசில் கட்டினார். துண்டைத் தலையில் சுற்றினார். "நீ ஓட்டு. நான் மட மாத்துதேன்" என்று மண்வெட்டியை வாங்கிக்கொண்டு போனார். அவர் முறைத் தண்ணீர் அது. ஆறு பாத்தியும் நிறைந்து முடிக்கும்போது பொழுது ஒரு பனை உயரம் வந்துவிட்டது. மண்வெட்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டு, "உங்கப்பன்ட்ட சொல்லிராத" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாய்தாவில் அதே பெரிய தாத்தா கூண்டில் ஏறி, தம்பி தன் முறையில் திருட்டுத்தனமாகத் தண்ணீர் இறைக்கிறான் என்று சத்தியம் செய்து சொன்னார். இதையும் அப்பா சொல்லாமல் விடவில்லை. இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

சொல்லாதே என்றவருக்காக 36 வருஷம் சொல்லாமல் இருந்தார். தாத்தாவிடம் சொன்னால் அடி விழும் என்பது முதல் காரணம். தாத்தா செத்த பிறகும் சொல்லவில்லை. துட்டி அன்றைக்குத்தான், வேட்டி மாற்றுகிற நேரத்தில், அந்த ஒரு வரி.

ஆச்சி ஆவணியில் திரும்பி வந்தாள். தாத்தா போய்க் கூப்பிடவில்லை. அண்ணன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அப்பா அஞ்சாம் வகுப்போடு நின்றார். 14 வயதில் பாளையங்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடைக்குப் பொட்டலம் மடிக்க வந்தார். மீதி எல்லாம் நம் ஊர்க் கடைக்காரர்கள் எல்லாருடைய கதையும்தான்.

❖

முக்கூடலிலிருந்து:

அண்ணாச்சி, உங்கள் ஆச்சியைப் பற்றி எழுதிய இடத்தில் எனக்கு மேலே படிக்க முடியவில்லை. எங்கள் அம்மாவுக்குத் தாய் இல்லை. சித்திதான் வளர்த்தது. தாத்தாவுக்குக் கொஞ்சம் புஞ்சை, எள்ளும் காணமும் (கொள்ளு) போடுவார்கள். காலையில் அம்மா காட்டில் களை எடுக்க வேண்டும், மத்தியானத்துக்கு மேல் பீடி. முதலில் சின்னப் பிள்ளைகளுக்கு மடக்குகிற வேலைதான் கொடுப்பார்கள். சுற்றிய பீடியின் வாயை ஊசியால் மடக்கி மூடுவது. ஆறு வயதில் மடக்க ஆரம்பித்து, எட்டு வயதில் முறத்தை மடியில் வைத்து முழுப் பீடி சுற்றியிருக்கிறாள். 25 பீடி ஒரு கட்டு. ராத்திரி சித்தி கட்டை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தட்டு வைப்பாள். இலை ஊறுவது கூடிப்போனாலோ, தூள் குறைந்தாலோ கடையில் கழித்துவிடுவார்கள். கழிந்த பீடிக்குக் கூலி இல்லை. அந்தக் கோபமும் அம்மா முதுகில்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சித்திக்குக் கல்யாணம் ஆகும்போது வயது பதினேழு. வந்த அன்றைக்கே மூன்று பிள்ளைகள். தாத்தா சம்பாத்தியம் முழுக்கச் சீட்டாட்டத்துக்குப் போகும். கட்டை எண்ணவில்லை என்றால் மறுநாள் அடுப்பு எரியாது. அம்மா இதைச் சொல்லும்போது சித்தியைத் திட்டிக்கொண்டே சொல்வாள், கடைசியில் "அவளும் என்ன செய்வா" என்பாள். இப்போதும் டிவி பார்க்கும்போது அம்மாவின் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் உருட்டிக்கொண்டே இருக்கும். கையில் ஒன்றும் இருக்காது.

❖

சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து, வயது 70:

ஆற்றுப் பாசனத்துப் பச்சை வயலைப் பற்றித் தம்பி எழுதியது சரிதான். அந்தப் பச்சையில் இருந்தவர்கள் எல்லாம் அரிசிச்சோறு தின்றார்கள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் அப்பாவை ஒன்பது வயதில் கடனுக்காகப் பண்ணைக்கு விட்டார்கள். அவருடைய அப்பா வாங்கிய கடன். வருஷத்துக்கு இத்தனை மரக்கால் நெல் என்று பேச்சு, அதில் பாதி வட்டிக்கு என்று அங்கேயே நின்றுவிடும். 21 மரக்கால் சேர்ந்தால் ஒரு கோட்டை. முழுக் கோட்டையாக வீட்டுக்கு நெல் வந்ததை அவர் பார்த்ததே இல்லை. தொழுவில் சாணி அள்ளி, மாடு குளிப்பாட்டி, பிசான அறுப்பில் சூடடிக்கும்போது பிணையல் மாட்டின் பின்னால் ராத்திரி முழுக்க நடந்தவர். களத்தில் அவ்வளவு நெல் குவிந்து கிடக்கும். பிள்ளைகள் அறுத்த வயலில் எலி வளையைத் தோண்டி, எலி சேர்த்து வைத்த கதிரை எடுத்துவந்து அம்மாவிடம் கொடுப்பார்கள். ஒரு வளையில் ஒரு படி கிடைத்தால் அன்றைக்குத் திருவிழா.

1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததை நான்தான் பேப்பரில் பார்த்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். அப்போது எங்கள் கடன் அடைந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. "இன்னொரு தடவ வாசி" என்றார். வாசித்தேன். நாலைந்து நாளைக்கு யார் வீட்டுக்கு வந்தாலும், "அதை வாசிச்சுக் காட்டு" என்பார்.

❖

ஊர் வேண்டாம்:

நான் என் அப்பாவிடம் நேற்று ராத்திரி கேட்டேன். உங்கள் சின்ன வயதில் வீட்டில் எப்படி என்று. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். இன்று காலையிலிருந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டிருக்கக் கூடாதோ என்று இருக்கிறது.

❖

கடைசியாக எழுதிய தம்பிக்கு:

உட்காரவைத்துக் கேட்டால் எங்கள் அப்பாவும் எழுந்துதான் போவார். மூன்று தடவை போயிருக்கிறார். சாப்பாட்டு நேரம் அதற்கு நேரமே இல்லை, இலையில் இருக்கிறவரிடம் பழைய பசியைக் கேட்கக் கூடாது. இன்று ஒன்றும் பேச வேண்டாம். ஒரு நாள் அவரை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏதாவது காரணம் சொல்லுங்கள், பட்டா விஷயம், கோயில் கொடை, எதுவானாலும். போய்ச் சும்மா கூடவே நடங்கள். நான் கேட்டதை எல்லாம் விட, அந்த மண்ணில் கால் வைத்ததும் அவர் தானாகச் சொன்னதுதான் அதிகம். சொல்லவே இல்லை என்றாலும் விட்டுவிடுங்கள். அது அவருடையது.

முக்கூடல் தங்கச்சிக்கு: "அவளும் என்ன செய்வா" என்று உங்கள் அம்மா சொல்வதை என் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆச்சி படத்துக்கு மாலை மாற்ற வேண்டும், காய்ந்து கிடக்கிறது என்றார்.

சரி, ஊருக்குப் போவதைப் பற்றிச் சொன்னதால் இதையும் எழுதிவிடுகிறேன். 2023 டிசம்பரில் பெய்த மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் பக்கமும் குளம் குளமாக மறுகால் பாய்ந்து, சில இடத்தில் கரையும் உடைந்து, பஸ் எல்லாம் நின்றுபோனது. ரோடு திறந்ததும் அப்பா ஊருக்குப் போக வேண்டும் என்றார். 71 வயது, முழங்கால் வலி, வேண்டாம் என்றோம். கேட்கவில்லை. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

கமலை எல்லாம் போய் எத்தனையோ காலம். மேட்டில் மோட்டார் ரூம். கமலைக்கால் இரண்டும் மட்டும் அப்படியே நிற்கின்றன, அதில் வடம் உரசிய தடம் இருக்கிறது. கிணறு வாய் வரைக்கும் நிறைந்து கிடந்தது. குனிந்தால் கை எட்டும். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளினார். முகத்தில் தேய்த்துக்கொண்டார். இந்தக் கிணற்றில் தண்ணீரை இவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்ததில்லை.

பெரிய தாத்தாவின் பேரன், எனக்கு அண்ணன் முறை, எங்களைப் பார்த்துவிட்டு வரப்பு வழியாக வந்தார். இப்போது இரண்டு வீட்டு நிலத்தையும் அவர்தான் பயிர் வைக்கிறார். எங்கள் பங்குக்குக் குத்தகை தருகிறார். அப்பா மேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பூவரசு நின்ற இடத்தில் போய் நின்றார். மரம் இல்லை. அங்கேயிருந்து கேட்டார்:

"ஏ, இன்னைக்கு யார் முறை?"

அண்ணன் சிரித்தார். "என்ன சித்தப்பா, கெணறு பொங்கிக் கெடக்கு, நெலமும் ஒரே கை. இனிமே முறை எதுக்கு?"

அப்பா சிரிக்கவில்லை. விரலை மடக்கி எதையோ எண்ணினார்.

"உங்க தாத்தா முறைதான்" என்றார்.